விளைவுகளுக்கு விட்ட பக்கம்

தம்பி,

உன்னுடைய வீடு இங்கிருந்து ஒரு பஸ், இரண்டு மெட்ரோ நிறுத்தம். கடிதம் எழுத வேண்டிய தூரமே இல்லை. நேற்றும் தொலைபேசியில் கதைத்தோம். பொன்னுருக்குக்கு எத்தனை பேர் வருவார்கள், ஐயர் தன்னுடைய காரில் வருவாரா அல்லது யாராவது போய் ஏற்றி வரவேண்டுமா என்று நீ கேட்டாய், நான் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் நான் பாதியில் வேறு கதைக்குத் தாவிவிடுவேன் என்பது உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் நீ என்னைத் திட்டாத வாரமில்லை. உன்னுடைய அந்த மெதுவான வாசிப்பு இன்றைக்கு எனக்கு வசதியாக இருக்கிறது. இதை நீ மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிவிட முடியாது. விளங்காத சொல் வந்தால் மதுராவிடம் கேட்காதே, அம்மாவிடம் கேள். இதை முதலில் நீ தனியாக வாசிக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மதுராவின் தாய், உனக்கு மாமியாராக வரப்போகும் பவானிக்கு ஓர் அண்ணன் இருந்தான். பெயர் யோகன். அவன் இயக்கத்துக்குப் போய்ச் செத்துப்போனான் என்பது உனக்குத் தெரியும். அவர்களுடைய வீட்டில் அவன் படத்தைப் பார்த்திருக்கிறாய். அவன் என்னிடம் படித்தவன் என்பதும் உனக்குத் தெரியும், ஏனென்றால் பவானி அதைக் காண்பவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லுகிறார். அவன் போனதில் எனக்கு என்ன பங்கு என்பதுதான் உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் கலியாணம் பாதி நடந்த மாதிரி. அதன் பிறகு இரண்டு வீட்டாரும் ஒரு செத்தவீட்டுக்குக்கூடப் போவதில்லை. இதை அறிந்தபிறகு நீயோ அந்தப் பிள்ளையோ வேறு விதமாக நினைப்பதானால் பொன் உருக்க முதல் நினைத்துவிடுங்கள். என்னுடைய முகத்துக்காக ஒன்றையும் இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

ஊரில் நான் ஆசிரியராக இருந்தேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. நான் படிப்பித்தது டியூட்டறியில். தகரமும் கிடுகும் போட்ட நீளமான கொட்டில், அரைச் சுவர், ஒரு பக்கம் பெடியள், மற்றப் பக்கம் பெட்டையள், வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருநூறு பேர் இருப்பார்கள். பாடப்புத்தகத்தை ஒருவரும் திறப்பதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள், அதற்குப் பெயர் நோட்ஸ். சரித்திரத்தில் எந்தப் பாடமானாலும் எனக்கு இரண்டே தலைப்பு: காரணங்கள், விளைவுகள். காரணங்கள் ஏழு, விளைவுகள் ஆறு என்று இலக்கம் போட்டு எழுதிப் பாடமாக்க வேண்டும். அதோடு டியூட்டறி வாத்திக்கு இன்னொரு வித்தையும் தெரிந்திருக்க வேண்டும். இந்த முறை பரீட்சையில் எது வரும், எது வராது என்று ஊகித்துச் சொல்வதுதான் அது. ஊகம் சரிவந்த வாத்தியின் வாசலில் அடுத்த வருடம் சைக்கிள் நிறுத்த இடமிருக்காது. என்னுடைய ஊகம் மூன்று வருடம் தொடர்ந்து சரிவந்தது. அந்த நாட்களில் நான் நடந்த நடையை நீ பார்க்காதது நல்லது.

என் பெயரை நிலைநாட்டியது ஒரு பாடம்தான். பிரான்ஸ் தேசத்தில் மத்தியதர வகுப்பினர் அரசனுக்கு எதிராக எழுந்த பாடம். கருவூலம் வெறுமை, ஏழைக்கு வரி, பிரபுவுக்கு விலக்கு, விளைச்சல் பொய்த்தது, பாண் விலை ஏறியது, இவற்றை எல்லாம் ஐந்து நிமிடத்தில் ஓடிக் கடந்துவிடுவேன். பிறகு வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு அந்த வகுப்பினரிடம் வருவேன். வழக்கறிஞன், வைத்தியன், பத்திரம் எழுதும் நொத்தாரிசு, கணக்கெழுதும் லிகிதர். பிரபுவின் மகனைவிட நன்றாகப் படித்தவன். ஆனால் பதவி பிரபுவின் மகனுக்கு. பசியால் எழும்புகிறவனுக்குப் பாண் கொடுத்தால் இருந்துவிடுவான், அவமானத்தால் எழும்புகிறவனுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். எங்கள் நாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டேன். சொல்லத் தேவையுமில்லை. ஒரே கேள்வித்தாளுக்குத் தமிழ்ப் பிள்ளை கூடுதல் புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழகம் என்று சட்டம் வந்து, அதில் அடிபட்டு வெளியே விழுந்தவன்தான் அவர்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தரப்படுத்தல் என்று அதற்குப் பெயர். அவர்களுடைய அண்ணன்மாரும் அப்படி விழுந்தவர்கள்தான். இருநூறு பேர் இருக்கும் கொட்டிலில் ஒரு பேனை உருளும் சத்தம் கேட்கும். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது, தம்பி. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அரசியலைவிட அந்த அமைதிதான் எனக்குப் பிடித்திருந்தது.

யோகன் ஒரு தபாலதிபரின் மகன். நாலாவது வாங்கின் கரையில் இருப்பான். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் இடைக்கிடை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். டியூட்டறியில் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. நேரம் போகும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவன் கேட்பான். அந்த வருடம் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது, பாடத்திட்டத்தில் பாதி மிச்சம் கிடந்தது. முந்தின வருடம் பிரெஞ்சுப் புரட்சியின் விளைவுகளைக் கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த முறை காரணங்கள்தான் என்று நான் கணக்குப் போட்டேன். காரணங்கள் ஏழையும் ஒன்றரை மணித்தியாலம் கொதிக்கக் கொதிக்க நடத்தி முடித்துவிட்டு, வழக்கம்போலச் சொன்னேன்:

“விளைவுகள் எண்டு தலைப்பை எழுதிப்போட்டு ஒரு பக்கம் விடுங்கோ. நேரமிருந்தாப் பேந்து பாப்பம்.”

யோகன் எழுந்து நின்றான். “சேர், அரசன்ர தலையை வெட்டினாப்பிறகு என்ன நடந்தது?”

“அது இந்தமுறை வராது.”

“வராட்டிலும் பறவாயில்லை சேர். எனக்கு அறியோணும்.”

“அறியோணுமெண்டா லைப்ரரியில போய்ப் பாரும்.”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. ஏன் சிரித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் நகரத்து நூலகம் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் எரிக்கப்பட்டுவிட்டது. அங்கே இருந்த எல்லாருக்கும் அந்தச் சாம்பல் தெரியும். அதை வைத்து நான் ஒரு பகிடி விட்டேன், ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதற்கு. அவன் சிரிக்கவில்லை. கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டான். அடுத்த கிழமை அவன் வரவில்லை. வேறு இரண்டு பேரோடு போய்விட்டான் என்று பெடியள் சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் போய்விட்டான் என்றால் ஓர் இடம்தான்.

பரீட்சையில் காரணங்களே வந்தன. என்னுடைய வசனத்தையே எடுத்து அச்சடித்த மாதிரிக் கேள்வி. பெடியள் வந்து எனக்கு மாலை போட்டார்கள், கொட்டில் வாசலில் வெடி கொளுத்தினார்கள், நானும் கழுத்தை நீட்டிக் கொடுத்தேன். நாலாவது வாங்கில் யோகன் விட்டுப்போன இடத்துக்கு அதற்குள் இன்னொருவன் நகர்ந்து வந்துவிட்டான்.

இரண்டு வருடம் முடிய முன்னர் அவன் செத்தான். அவனை ஆமிக்காரன் சுடவில்லை. அப்போது எங்களுக்குள் பல இயக்கங்கள் இருந்தன, ஒன்று மற்றதை வேட்டையாடத் தொடங்கியிருந்தது. பட்டப்பகலில், சந்தியில், தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வைத்துச் சுட்டார்கள். சுட்டவர்களில் ஒருவன் என்னுடைய முதல் வாங்கில் இருந்தவன். நல்ல கையெழுத்து. அவனுக்கும் காரணங்கள் ஏழும் பாடம். அரசனை வீழ்த்தினவர்கள் பிறகு ஒருவர் கழுத்தை ஒருவர் வெட்டினார்கள் என்பது என்னுடைய நோட்ஸில் விளைவுகளில் இரண்டாவது. சுட்டவனுக்கும் சொல்லவில்லை, சுடுபட்டவனுக்கும் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கென்று வெளிக்கிட்டுப் போனேன். அவர்களுடைய ஒழுங்கை முகப்பு வரைக்கும் போய், தாயின் குரல் கேட்டதும் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அந்த வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டை இருந்திருப்பாள், பதின்மூன்று வயதில். அதுதான் பவானி என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்று மாதத்தில் நான் கொழும்பில் நின்றேன், அடுத்த வருடம் மொன்றியலில்.

சொல்லியிருந்தால் அவன் போகாமல் விட்டிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குப் போதுமான காரணங்கள் ரோட்டிலேயே கிடந்தன, என்னுடைய கொட்டிலில் வந்து பொறுக்கத் தேவையில்லை. எழும்பியது பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவனோடு இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். ஆனால் அவன் கேட்டான். போவதற்கு முதல், முடிவு எடுப்பதற்கு முதல், பிறகு என்ன நடக்கும் என்று எழுந்து நின்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மறுமொழி தெரிந்தவன் அந்தக் கொட்டிலில் நான் ஒருவன்தான். ஒரு பரீட்சை ஊகத்துக்காக அதை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இங்கே வந்து டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் கோப்பை கழுவினேன், பிறகு கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஆஸ்பத்திரியில் நோயாளரைத் தள்ளுவண்டியில் கொண்டுதிரியும் வேலை, இருபத்தாறு வருடம். இதெல்லாம் உனக்குத் தெரியும். குடியுரிமை எடுத்த அன்று வலது கையை உயர்த்தி, மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். அரசன் தலையை வாயால் நூறு தரம் வெட்டின வாத்திக்கு ஒரு சின்னத் தடுமாற்றமும் வரவில்லை. சத்தமாகவே சொன்னேன். வீட்டுக்கு வந்து அம்மாவோடு பாயாசம் குடித்தேன்.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்த மாகாணத்தில் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழில் நடந்த கிளர்ச்சிக்குக் காரணங்கள் என்ன, விளைவுகள் என்ன, எழுதவேண்டும், உதவி செய்யுங்கள் என்று கேட்டாய். “மிஸ்ஸிட்டப் போய்க் கேள்” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினேன். நீ கதவை அடித்துச் சாத்தினாய். இரண்டாவது தரமும் ஒரு பிள்ளையை நான் வேறெங்கோ போகச் சொல்லிவிட்டேன். நீ பிடிவாதக்காரன், நீயே போய்ப் படித்து அதையே தொழிலாக்கிக்கொண்டாய். உன்னுடைய கல்லூரியில் நீ சரித்திரம் படிப்பிக்கிறாய் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லும்போது நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். எனக்குப் பொறாமை என்று நீ ஒருமுறை சொன்னாய். இருந்தாலும் இருக்கும்.

அதைவிடப் பெரியது போன வருடம் மே மாதத்தில் நான் செய்தது. மற்ற மாகாணங்களில் அந்தத் திங்கட்கிழமை பழைய மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை, இங்கே மட்டும் அதே நாள் அந்த மகாராணிக்கு எதிராக எழும்பினவர்களின் நாள். அன்று நூலகத்தில் சனத்துக்கு முன்னால் உன்னுடைய முதலாவது பேச்சு. நானும் அம்மாவும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். நீ பிரெஞ்சில் பேசினாய். நான் விளங்காமல் எழுந்து போனேன் என்று நீ நினைத்தாய். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் கிழவர்களோடு கதைத்தவனுக்கு உன் பிரெஞ்சு விளங்காதா? ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பதினெட்டு வயதில் அப்போதுதான் அரியணை ஏறியிருந்த ஓர் அரசி. அவளுடைய ஆளுநருக்கு முன்னால் தேர்தலில் வென்ற சபைக்கு ஒரு அதிகாரமும் இல்லை. பதவிகள் எல்லாம் ஆங்கிலேயருக்கு. ஊருக்கு ஊர் படித்துவிட்டு நிற்கும், பிரெஞ்சு பேசும் இளம் வழக்கறிஞரும் வைத்தியரும் நொத்தாரிசுகளும். லண்டனுக்கு எழுதி அனுப்பிய கோரிக்கைகள் திருப்பி அனுப்பப்பட்டன. நீ காரணங்களைச் சொல்லிக்கொண்டு போகப் போக, என்னுடைய கொட்டிலே உன்னுடைய வாயால் வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு நீ விளைவுகளுக்கு வந்தாய். மேடையில் முழங்கின பெரிய தலைவர்கள் சண்டை முடிய முன்னரே எல்லை கடந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள் என்றாய். பனிக்குள் கிராமங்கள் எரிந்தன, பெண்களும் பிள்ளைகளும் வெளியில் நின்றார்கள் என்றாய். ஆற்றங்கரைச் சிறையில் பன்னிரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் நொத்தாரிசுகளும் இருந்தார்கள், வயல் உழும் கமக்காரரும் இருந்தார்கள் என்றாய். ஓடினவர்கள் சில வருடத்தில் மன்னிப்புப் பெற்றுத் திரும்பி வந்து மறுபடி சபையில் இருந்தார்கள் என்றாய். அந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். மேலங்கியை எடுக்காமலே வெளியே போய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். எல்லை கடந்து போனவன் இரண்டாவது வரிசையில் இருந்தது உனக்குத் தெரியாதே. நீ இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். உன்னுடைய கோபத்தைத் தாங்குவது எனக்கு இதைச் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது.

கலியாணப் பேச்சுக்கு மதுரா வீட்டார் வந்த அன்று, வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே பவானி என்னை உற்றுப் பார்த்தார். “நீங்கள் டியூட்டறிச் சேரெல்லே? எங்கட அண்ணா உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைக்கிறவன்” என்றார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அப்போது ஓடியிருந்தால் எங்கே ஓடியிருப்பேன், இது என்னுடைய வீடு. அடுத்த முறை வரும்போது ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார். எத்தனை இடப்பெயர்வு, எத்தனை பங்கர், எல்லாவற்றிலும் அவர்களுடைய தாய் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். காரணங்கள் ஏழும் நிமிர்ந்த எழுத்தில். அடுத்த பக்கத்தில் விளைவுகள் என்று தலைப்பு, அதன் கீழே அடிமட்டம் வைத்துக் கீறின ஒரு கோடு, பிறகு ஒன்றுமில்லை. “இந்தப் பாடம் நடக்கமுதல் போயிட்டான் சேர். நீங்கள்தான் கலியாண ஹோலில அவனைப் பற்றி நாலு சொல் கதைக்கோணும். தாய்மாமன் இல்லாத குறை தெரியக்கூடாது” என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டின தலையோடு ஐந்து மாதம் திரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு, பவானி வீட்டுக்குப் போனேன். நாலு மணிக்கு கார்டெரியில் பிள்ளை பார்க்கும் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று தெரியும். வெளிப்படிகளில் பனி உருகி வழுக்கியது, இரும்புக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

“வாங்கோ சேர். அக்கா வரேல்லையே? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

“வேண்டாம். நீங்களும் இருங்கோ பவானி. ஒண்டு சொல்லோணும்.”

உனக்கு எழுதின அத்தனையையும் சொன்னேன். நூலகத்துப் பகிடியையும் விடவில்லை. அவர் என்னிடம் விட்டுப்போயிருந்த கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். மேல்வீட்டுப் பிள்ளை ஒன்று ஓடி ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

“அப்ப இந்தப் பாடம் நடந்ததோ?” என்று கேட்டார்.

“தலைப்பு மட்டும் குடுத்தனான். அவன் கேட்டவன். நான் சொல்லேல்லை.”

“அம்மா சாகுமட்டும் இந்தப் பக்கத்தை விரிச்சு வச்சு அழுதவ. பாடத்தை முடிச்சுப்போட்டெண்டாலும் போயிருக்கலாமே, என்ன அவசரம் எண்டு அவனைத்தான் ஏசினவ.” அவருடைய விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தது. “நீங்கள் சொல்லியிருந்தா நிண்டிருப்பானோ?”

“தெரியாது.”

“தெரியாதெண்டு சொல்றதுக்கு நாப்பது வரியமோ சேர்?”

இருநூறு பேர் முன்னால் நின்று வாயால் பிழைத்தவன், ஒரு மனிசிக்கு முன்னால் தலை குனிந்து இருந்தேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய் யோகனுடைய படத்தை நேராக்கினார், அது நேராகத்தான் இருந்தது.

“கலியாணத்தை நான் நிப்பாட்டமாட்டன். அது பிள்ளையளின்ர காரியம். என்ர மகளுக்கு நான் சனிக்கிழமை சொல்லுவன். உங்கட மகனுக்கு நீங்கள் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் அறிஞ்சுகொண்டு முடிவெடுக்கட்டும். ஆனா ஹோலில நீங்கள் அண்ணாவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது.”

“ஓம்” என்றேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தபோது கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

“கொண்டு போங்கோ. அவன் கேட்டதுக்கு மறுமொழி எழுதிக்கொண்டு வாங்கோ.”

சேர் என்ற சொல் அந்த வசனத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இதை வயித்துக்குள்ள வச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் உப்புக் கூட, புளி கூட எண்டு என்னோட சண்டை பிடிச்சனீங்கள்?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு எழும்பினார். இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆகவே, தம்பி, சனிக்கிழமை மதுரா இதைத் தன் தாயின் வாயால் கேட்பாள். அன்று அவள் உன்னிடம் வரும்போது நீ ஒன்றும் தெரியாதவன் மாதிரி முழிக்கக்கூடாது. எனக்காக வாதாடவும் கூடாது. அப்பாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, காலம் அப்படி என்று நீ சொல்லத் தொடங்குவாய், உனக்கு அது நன்றாக வரும், உன்னுடைய தொழிலே அதுதான். சொல்லாதே. அவள் பேசட்டும், நீ கேள். அவளுக்கு இந்த வீட்டுக்குள் மருமகளாக வர மனமில்லை என்றால், இந்த வீட்டுக்கு வராமலே உங்கள் இரண்டு பேருக்கும் வாழ்க்கை இருக்கலாம். அதைப் பற்றியும் யோசியுங்கள். ஐயருக்கு நான் தொலைபேசி எடுத்துச் சொல்லிக்கொள்வேன்.

இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் இருந்து அந்தப் பக்கத்தை எழுதினேன். அவனுடைய எழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இலக்கம் போடாமல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. ஒன்று, அரசன் கொல்லப்பட்டான். இரண்டு, கொன்றவர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள், பிரபுக்களைவிடச் சாதாரண சனமே கூடச் செத்தது. மூன்று, வழக்கறிஞருக்கும் லிகிதருக்கும் அவர்கள் கேட்ட பதவிகள் கிடைத்தன. நாலு, பாண் கேட்டு வந்தவனுக்கு யுத்தம் கிடைத்தது. ஐந்து, ஒரு படைத் தளபதி பேரரசன் ஆனான், அவனுக்குப் பிறகு செத்த அரசனின் தம்பியே அரசனாக வந்தான். அந்தக் காலத்து என்னுடைய நோட்ஸில் ஆறாவதாக என்ன இருந்ததென்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இப்போது எழுதியிருப்பது இது: ஆறு, காரணங்களைச் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் எல்லை கடந்து போய், பிள்ளை பெற்று, வயதானார்கள்.

சனிக்கிழமை காலை கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பவானி கதவைத் திறந்தால் கையில் கொடுப்பேன், திறக்காவிட்டால் தபால் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவேன்.

தகப்பன் என்ற முறையில் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. வாத்தி என்ற முறையில் வாத்திக்கு ஒன்று சொல்கிறேன். உனக்கும் ஒரு நாள் நேரம் போதாமல் வரும், பரீட்சை வரும், பாதிப் பாடம் மிச்சம் கிடக்கும். அன்றைக்குக் காரணங்களை வீட்டில் வாசித்துவரச் சொல். விளைவுகளை நீ நின்று நடத்து. மணி அடித்து எல்லாரும் பையைத் தூக்கின பிறகும், யாராவது ஒருவன் எழுந்து பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அவனுக்குச் சொல்லிவிட்டு வா.

அப்பா